ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பெரியவர்களுக்கு மாத்திரைகளை ஒழுங்கு செய்து கொடுப்பது என் செவிலியர் வேலையில் ஒரு பகுதி. எல்லோரும் 'பிளட் தின்னர்' என்று சொல்கிற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை இருக்கும் வீடு என்றால் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொண்டுதான் போவேன். இந்த மருந்து உடம்பில் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் பக்கவாதம். வயது ஏற ஏற இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் குறுகிக்கொண்டே போகிறது.

நான் பார்த்த தொந்தரவுகளில் பெரும்பாலானவை இந்த மாத்திரையால் மட்டும் வந்தவை இல்லை. பக்கத்தில் இன்னொரு மாத்திரை வந்து சேர்ந்திருக்கும். காய்ச்சலில் ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கும். சிறுநீரகம் மெல்லத் தளர்ந்திருக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சொல்லாமல் விட்டதைப் பிடிப்பதற்காகத்தான்.

வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பல வீடுகளில் முதல் கேள்வியே "கீரை சாப்பிடலாமா?" என்பதுதான். எந்த மாத்திரை என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று: அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் மருத்துவரின் முடிவு. இங்கே இருப்பது வீட்டார் செய்ய வேண்டிய பங்கு.

தொடங்கும் முன் எடுத்து வையுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மருந்துச் சீட்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவுகள், எடை பார்க்கும் மெஷின், பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர், ஒரு நோட்டு, பேனா. இவ்வளவு போதும்.

இவற்றைவிட முக்கியம், பொறுப்பேற்கும் ஆள் ஒருவர். ஒருவர் மட்டும். மகன் மாத்திரை வாங்குகிறார், மருமகள் கொடுக்கிறார், வெளியூர் மகள் போனில் டாக்டரிடம் பேசுகிறார் என்று பிரிந்து கிடந்தால் மூவருக்கும் பாதிப் பாதிதான் தெரியும். வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், நோட்டு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும்.

1. எந்த மாத்திரை, எதற்காக, எவ்வளவு நாள்: மூன்றையும் எழுதுங்கள்

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைப் படித்து எழுதுங்கள். ஒரே மருந்து பத்துப் பெயர்களில் விற்கும் ஊர் நம்முடையது.

வாய்வழி உறைதடுப்பு மருந்துகள் இரண்டு குடும்பம். பழைய குடும்பத்தில் வார்ஃபரின், அசினோகூமரால். அசிட்ரோம் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது இரண்டாவதுதான். இவை வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுக்கும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை கட்டாயம். புதிய குடும்பத்தில் அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகட்ரான். இவற்றுக்கு ஐஎன்ஆர் தேவையில்லை, ஆனால் சிறுநீரகத்தை விடாமல் கவனிக்க வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இந்த இரண்டு குடும்பத்திலும் சேராதவை. அவை ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்பவை. வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதால், "ரெண்டும் ஒண்ணுதானே, ஒண்ணு போதும்" என்று ஒன்றை நிறுத்திவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

எதற்காக என்பதையும் எழுதுங்கள். சீரற்ற இதயத்துடிப்பு, காலில் ரத்தக்கட்டு, நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டு, இதயத்தில் செயற்கை வால்வு என்று காரணம் மாறினால் அளவும் காலமும் மாறும். காலில் ரத்தக்கட்டு வந்தவருக்குச் சில மாதங்களில் முடியலாம். சீரற்ற துடிப்புக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

ஒரு எச்சரிக்கை. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் பழைய குடும்பம்தான். இவர்களுக்குப் புதிய மாத்திரை பாதுகாப்பு தராது. பக்கத்து வீட்டுக்காரர் பரிசோதனை இல்லாத மாத்திரைக்கு மாறிவிட்டார் என்று கேட்டு, தாங்களும் மாற ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை. மருத்துவர் வேண்டாம் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

2. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே மேசைக்குக் கொண்டு வாருங்கள்

இந்தப் படியில்தான் நிறைய அகப்படும். அவசரப்படாதீர்கள்.

மருந்து டப்பாவை மட்டும் பார்த்தால் போதாது. ஃபிரிட்ஜ் கதவு, சாமி அலமாரி, கைப்பை, தலையணைக்கு அடியில் என்று எல்லா இடத்தையும் பாருங்கள். ஒரு வீட்டில் பாட்டியிடம், "வலிக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லம்மா, டாக்டர் குடுத்தது மட்டுந்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து முழங்காலைத் தடவிக்கொண்டே தலையணை உறைக்குள் கையை விட்டு, ரப்பர் பேண்ட் போட்ட காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கத்தரித்த அட்டைத் துண்டில் நான்கு மாத்திரைகள். "இது மாத்திரை இல்ல, சும்மா மூட்டு வலிக்கு. ரொம்ப வலிச்சா ஒண்ணு." பின்பக்கம் பெயர் பாதிதான் இருந்தது. மெடிக்கலில் கொண்டுபோய்க் காட்டியதும் அசெக்ளோஃபெனாக் என்று தெரிந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அசிட்ரோம்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதற்குப் பதில், "கால் வலிச்சா என்ன செய்வீங்க? தூக்கம் வரலைன்னா? வயிறு சரியில்லைன்னா?" என்று கேளுங்கள். பதில் வந்துவிடும்.

இனி எதைத் தேட வேண்டும் என்று பார்ப்போம்.

வலி மாத்திரைகள் முதலில். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்ஸன் ஆகியவை வயிற்றில் புண் உண்டாக்கும், தட்டணுக்களையும் மந்தமாக்கும். உறைதடுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு நன்றாக ஏறிவிடும். சிறுநீரகத்துக்கும் கெடுதல். பாராசிட்டமாலோடு கலந்து வரும் வலி மாத்திரைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'பாராசிட்டமால்தானே' என்று நினைத்துப் போடும் கலவையில் இன்னொன்றும் இருக்கும். வலிக்குப் பொதுவாகத் தனிப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. அதையும் தினம் 2 கிராம் அளவில் பல நாள் தொடர்ந்தால் வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு ஐஎன்ஆர் ஏறலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஆஸ்பிரின். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது தொடங்கியது, ஆண்டுகள் ஆகியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கொழுப்பு மாத்திரையோடு கலந்த கேப்ஸ்யூலாக இருந்தால் அதில் ஆஸ்பிரின் இருப்பதே தெரியாது. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள் வரை இரண்டும் தேவைப்படலாம். அதற்குப் பிறகும் வேண்டுமா என்று கேட்க வேண்டியது நீங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது, கேட்காமலும் விடக் கூடாது.

மூன்றாவது, பழைய உறைதடுப்பு மாத்திரை. எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். ஆஸ்பத்திரியில் அசிட்ரோமை நிறுத்திவிட்டு அபிக்ஸபான் எழுதியிருப்பார்கள். வீட்டு டப்பாவில் பழைய அசிட்ரோம் அட்டை இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நிறுத்தப்பட்டது' என்று தெளிவாக இல்லாவிட்டால் அன்றே போன் செய்து கேளுங்கள். நிறுத்தியது உறுதியானதும் பழைய அட்டையை வீட்டிலேயே வைக்காதீர்கள்.

மன அழுத்தத்துக்குத் தரும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத்துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவை கண்ணில் பட்டால் சிவப்பு மையில் எழுதுங்கள். சில ரத்தக்கசிவைக் கூட்டும், சில உறைதடுப்பு மாத்திரையின் வேலையையே குறைத்துவிடும். எழுதித் தந்த மருத்துவருக்கு இந்தச் சேர்க்கை தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் எழுதினாரா என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாட்டு மருந்து, லேகியம், மூட்டு வலிச் சூரணம், பூண்டு மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல், ஜின்கோ எல்லாமும் மேசைக்கு வர வேண்டும். சமையலில் போடும் பூண்டையும் மஞ்சளையும் பற்றிக் கவலை வேண்டாம். செறிவாக்கி மாத்திரையாக விற்பதுதான் பிரச்சினை.

3. வயது, எடை, கிரியாட்டினின்: மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

புதிய குடும்ப மருந்துகள் சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுகின்றன. டாபிகட்ரான் ஏறக்குறைய 80 சதவீதம், ரிவரோக்ஸபான் மூன்றில் ஒரு பங்கு, அபிக்ஸபான் கால் பங்கு அளவில். சிறுநீரகம் தளர்ந்தால் நேற்று வரை சரியாக இருந்த அளவே இன்று அதிகமாகிவிடும்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 'நார்மல்' என்று இருந்தால் நிம்மதி அடைவது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். வயதானவர்களுக்குத் தசை குறைவு. அதனால் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் எண் நல்லபடியாகவே தெரியும்.

கணக்குப் போட்டால் புரியும். 140-லிருந்து வயதைக் கழியுங்கள். வருவதை எடையால் பெருக்குங்கள். அதை 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுங்கள். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்குங்கள். 82 வயது, 48 கிலோ, கிரியாட்டினின் 1.1 உள்ள ஒரு அம்மாவுக்கு: 58 பெருக்கல் 48 என்பது 2,784. அதை 79.2-ஆல் வகுத்தால் 35. அதை 0.85-ஆல் பெருக்கினால் சுமார் 30. ரிப்போர்ட்டில் 'நார்மல் இல்லை' என்று காட்டும் தடித்த எழுத்து எதுவும் இல்லை. ஆனால் சிறுநீரகம் நிமிடத்துக்கு 30 மில்லி அளவில்தான் சுத்தம் செய்கிறது. டாபிகட்ரான் தரலாமா என்று யோசிக்க வேண்டிய எல்லை அது.

சீரற்ற துடிப்புக்காக அபிக்ஸபான் எடுப்பவர்களுக்கு வழக்கமான அளவு 5 மி.கி. தினம் இருமுறை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் 2.5 மி.கி. மேலே சொன்ன அம்மாவுக்கு முதல் இரண்டும் பொருந்துகின்றன. ரிவரோக்ஸபான் 20 மி.கி. எடுப்பவருக்குச் சிறுநீரகக் கணக்கு 50-க்குக் கீழே போனால் 15 மி.கி. என்று மாற்றுவார்கள்.

மறுபக்கத் தவறும் உண்டு. "வயசாயிடுச்சு, பாதி போதும்" என்று பயத்தில் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது. நிபந்தனை பொருந்தாதவருக்கு அளவைக் குறைத்தால் பக்கவாதத்திலிருந்து உரிய பாதுகாப்பு கிடைக்காது, மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கும்.

எடையை மாதம் ஒரு முறை எழுதுங்கள். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் பாருங்கள். சிறுநீரகக் கணக்கு 60-க்குக் கீழே என்றால், அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் வருவதுதான் மாத இடைவெளி. 30 என்றால் 3 மாதம். வாந்தி, பேதி வந்தாலோ, கோடையில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் சுருண்டு கிடந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

4. கொடுக்கும் முறையை ஒழுங்கு செய்யுங்கள்

வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டையும் மாலையில் கொடுப்பது வசதி. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியத்துக்குள் ஐஎன்ஆர் வந்துவிடும். அளவை மாற்றச் சொன்னால் அன்று மாலையிலிருந்தே மாற்றலாம்.

'ஒரு நாள் 2 மி.கி., ஒரு நாள் 3 மி.கி.' என்று எழுதியிருந்தால் கவனம். ஒற்றைப்படைத் தேதிக்கு 3, இரட்டைப்படைக்கு 2 என்று பல வீடுகளில் வைத்துக்கொள்கிறார்கள். 31-ஆம் தேதிக்கு அடுத்தது 1-ஆம் தேதி. இரண்டும் ஒற்றைப்படை. இரண்டு நாள் தொடர்ந்து 3 மி.கி. போகும். மாத ஆரம்பத்திலேயே காலண்டர் கட்டம் ஒவ்வொன்றிலும் அன்றைய அளவை எழுதிவிடுங்கள், கொடுத்ததும் டிக் போடுங்கள். கிழமை வைத்துப் பிரித்துத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது இன்னும் நல்லது. வாங்கும்போது மில்லிகிராம் எண்ணைப் பாருங்கள். 1 மி.கி. அட்டையும் 2 மி.கி. அட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ரிவரோக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து முழுதாக உடம்பில் சேராது. ஏகாதசி, கிருத்திகை என்று விரதம் இருக்கும் பெரியவர்களும், நோன்பு வைப்பவர்களும் இதை முன்கூட்டியே சொல்லி, நல்ல சாப்பாடு சாப்பிடும் வேளைக்கு மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டாபிகட்ரான் கேப்ஸ்யூலை உடைத்து உள்ளே இருப்பதைத் தண்ணீரில் கலக்கவே கூடாது. அப்படிச் செய்தால் உடம்பில் சேரும் அளவு தாறுமாறாகக் கூடிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் வேறு மருந்து கேளுங்கள். ஈரம் பட்டாலும் கெட்டுவிடும் என்பதால் அதை வார மாத்திரை டப்பாவில் பிரித்துப் போடாதீர்கள். அட்டையிலேயே இருக்கட்டும். முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில் கொடுங்கள்.

எந்த மாத்திரையானாலும் முழு அட்டையாக வாங்குங்கள். கத்தரித்த துண்டில் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். கையிருப்பு ஒரு வாரத்துக்குக் குறையும்போதே வாங்கிவிடுங்கள். புதிய மாத்திரைகள் ஒன்றிரண்டு வேளை தவறினாலே பாதுகாப்பு போய்விடும்.

5. வேளை தவறினால்

தினம் இருமுறை மாத்திரை என்றால், தவறியது 6 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் கொடுக்கலாம். தினம் ஒருமுறை என்றால் 12 மணி நேரத்துக்குள். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளையை வழக்கம்போலக் கொடுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் அன்றைக்கே நினைவு வந்தால் கொடுக்கலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டுவிட்டு, நோட்டில் எழுதி, அடுத்த பரிசோதனையின்போது சொல்லுங்கள்.

ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. தவறி இரண்டு போட்டுவிட்டால் போன் செய்யுங்கள். "போட்டேனா, இல்லையா?" என்ற சந்தேகம் வந்தால், இருமுறை மாத்திரைக்கு மறுபடி கொடுக்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். ஒருமுறை மாத்திரைக்கு மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். காலண்டர் டிக் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

6. ஐஎன்ஆர்: பழைய குடும்பத்துக்கு மட்டும்

பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 2 முதல் 3. சில உலோக வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது என்று மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

4-ஐத் தாண்டியிருந்தால் அன்றைய மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். 2-க்குக் கீழே இருந்தாலும் சொல்ல வேண்டும். 'குறைவாக இருப்பது நல்லதுதானே' என்று விடுகிறவர்கள் பலர். ரத்தக்கட்டு வருவது அந்த நேரத்தில்தான்.

அளவை மாற்றிய மறுநாளே பரிசோதித்துப் பயனில்லை. மாற்றம் எண்ணில் முழுதாகத் தெரியச் சில நாள் ஆகும். நிலையாக இருக்கும்போது மாதம் ஒரு முறை போதும் என்பார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கினால், காய்ச்சல் வந்தால், சாப்பாடு குறைந்தால் மாதம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பாருங்கள்.

அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகட்ரான் எடுப்பவர்களுக்கு ஐஎன்ஆர் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அது 1.1 என்று வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை.

பல ஆண்டுகளாக ஐஎன்ஆர் நிலையாக நிற்கும், உடல் தளர்ந்த பெரியவரை அவசரப்பட்டுப் புதிய மாத்திரைக்கு மாற்றச் சொல்லாதீர்கள். நெதர்லாந்தில் 75 வயதைத் தாண்டிய, தளர்ந்த முதியவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், அப்படி மாற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு அதிகமாகவே இருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களின் நிலை வேறு. அவர்களில் பலருக்குப் புதிய மாத்திரையே முதல் தேர்வு.

7. சாப்பாடு

புதிய குடும்பம் என்றால் கீரைக்குத் தடை இல்லை.

வார்ஃபரின், அசிட்ரோம் என்றாலும் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, பசலை, முட்டைக்கோஸ் போன்றவற்றில் வைட்டமின் கே அதிகம். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். அந்தச் சீருக்கு ஏற்பத்தான் மாத்திரை அளவு அமைந்திருக்கிறது. ஒரு மாதம் அறவே நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் தினமும் சாப்பிடுவதுதான் ஐஎன்ஆரை ஆட்டும். சத்துப் பவுடர்கள் பலவற்றில் வைட்டமின் கே சேர்த்திருப்பார்கள். புதிதாகத் தொடங்கும் முன் சொல்லுங்கள்.

கீரையைவிட நான் பயப்படுவது கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு கிடக்கும் நாட்களுக்குத்தான். சாப்பாடு குறைந்தால் வைட்டமின் கே வரத்தும் குறையும், அதே மாத்திரைக்கு ஐஎன்ஆர் ஏறிவிடும். மது கூடாது.

8. புதிய மருத்துவர், புதிய மருந்து, ஊசி, பல்

காய்ச்சலுக்குத் தெரு முனை கிளினிக் போனாலும், கண் ஆபரேஷனுக்குப் போனாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறார், பேர் இது." அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரைப் பெயர், அளவு, காரணம், மருத்துவரின் போன் எண் எழுதிய சீட்டு பர்ஸில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக்குகளில் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்ஸசோல், பூஞ்சைக்குத் தரும் ஃபுளுகோனசோல் மூன்றும் வார்ஃபரின் குடும்பத்தோடு சேர்ந்தால் ஐஎன்ஆரைக் கிடுகிடுவென்று ஏற்றும். சிப்ரோஃப்ளாக்ஸசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினும் ஏற்றலாம். பேதிக்கு மெட்ரோனிடசோல் வீட்டிலேயே எடுத்துப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பேதியால் சாப்பாடும் இறங்காது, மாத்திரையும் சேர்ந்துவிடும். இரண்டும் ஒரே திசையில் தள்ளும்.

இடுப்பில் போடும் வலி ஊசியை மறுத்துவிடுங்கள். "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று பெரியவர்களே கேட்டு வாங்குவார்கள். தசைக்குள் ரத்தம் கட்டிக் கன்றிப்போகும். அந்த ஊசி டைக்ளோஃபெனாக்காகவும் இருந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பு. தடுப்பூசியை இதற்காகத் தவிர்க்க வேண்டாம். முன்பே சொன்னால் மெல்லிய ஊசியில் போட்டு, சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள்.

பல் பிடுங்குவதற்காக மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லும் அறிவுரை இன்னும் உலவுகிறது. ஒன்றிரண்டு பல் எடுக்கப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. ஐஎன்ஆர் பார்த்து, ரத்தம் நிற்க வாயிலேயே மருந்து வைத்துச் செய்துவிடலாம். பெரிய அறுவை சிகிச்சைக்கு நிறுத்த வேண்டி வந்தால் எந்தத் தேதி நிறுத்துவது என்பதோடு எந்தத் தேதி மறுபடி தொடங்குவது என்பதையும் எழுதி வாங்குங்கள். இரண்டாவது தேதியை வாங்காமல் வந்து, மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9. விழாமல் பார்த்துக்கொள்வது, விழுந்தால் செய்வது

இரவு பாத்ரூம் போகும் வழியில் விளக்கு. குளியலறையில் வழுக்காத விரிப்பு, சுவரில் கைப்பிடி. தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். சட்டென்று எழும்போது பிரஷர் இறங்கித்தான் பலர் விழுகிறார்கள். தூக்க மாத்திரை இருந்தால் அதன் தேவையைப் பற்றிக் கேளுங்கள்.

விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் மட்டும் உறைதடுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். பக்கவாத அபாயம் உள்ளவருக்கு அந்த முடிவு பெரும்பாலும் தவறாகவே முடியும்.

தலையில் அடி பட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும், காயமே தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனை. சிடி ஸ்கேன் தேவைப்படும். வயதானவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் ரத்தம் கசிந்து சேர உள்ளே இடம் இருக்கிறது, அறிகுறி தாமதமாகத்தான் வரும். ஸ்கேன் சரியாக இருந்து வீட்டுக்கு வந்தாலும் அடுத்த சில வாரங்கள் கவனியுங்கள். விடாத தலைவலி, பகலில் அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் 'வயசாயிடுச்சு' என்று விடாமல் மறுபடி கூட்டிப் போங்கள்.

10. ரத்தக்கசிவைக் கண்டுபிடிப்பது

ஈறில் சிறிது ரத்தம், கையில் நீலத் தழும்பு எல்லாம் வரும். மென்மையான பிரஷ், எலெக்ட்ரிக் ஷேவர் உதவும். திடீரென்று இவை அதிகமானால் சொல்லுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்கவைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனை.

மலத்தின் நிறத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். தார் போலக் கருப்பாக, பிசுபிசுப்பாக, மோசமான நாற்றத்தோடு போனால் வயிற்றில் கசிவு. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் பொதுவாக இருக்காது. சந்தேகம் என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். காரணம் தெரியாத களைப்பு, மூச்சு வாங்குவது, வெளுத்துப்போவது ஆகியவை மெதுவான கசிவின் அடையாளம். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

ரத்த வாந்தி, கருப்பு மலத்தோடு தலைசுற்றல், சிறுநீரில் நல்ல சிவப்பு, வழக்கத்தில் இல்லாத கடுமையான தலைவலி, வாய் கோணுவது, கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது: இவற்றில் எது வந்தாலும் 108. அடைப்பா, கசிவா என்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது மருந்தின் பெயரும் கடைசி மாத்திரை போட்ட நேரமும். உறைதடுப்பு மாத்திரையின் வேலையை முறிக்கும் மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. வார்ஃபரின் குடும்பத்துக்கு வைட்டமின் கே, டாபிகட்ரானுக்கு இடாருசிசுமாப். அடைப்பால் வந்த பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று நாலரை மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்குக் கடைசி மாத்திரை நேரம் தேவை.

11. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டியவை

நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். இந்த மருந்து இன்னும் தேவையா? இப்போதைய எடைக்கும் கிரியாட்டினினுக்கும் இதே அளவுதானா? ஆஸ்பிரினை நிறுத்தலாமா? வயிற்றைக் காக்கப் பான்டோபிரசோல் போன்றது வேண்டுமா? பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா? கட்டுப்படாத பிரஷர் மூளைக்குள் கசிவு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது மாத்திரை மாறினால் அன்று மாலையே இரண்டாவது படிக்குத் திரும்பி, எல்லா மருந்தையும் மறுபடி மேசையில் பரப்பிப் பாருங்கள். பர்ஸில் இருக்கும் சீட்டையும் அன்றே மாற்றி எழுதுங்கள்.